சம்புக்குள் இறக்கிய அரை எச்.பி. மோட்டாரும் எங்கள் வீட்டுக் கரண்டு பில்லும்

மோட்டார் 6,900 ரூபாய். சம்பிலிருந்து, அதாவது தரைக்கடித் தொட்டியிலிருந்து, மாடி டாங்குக்குப் போகிற குழாயை மாற்றியது, வயர், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 2,600. கோயம்புத்தூர்த் தயாரிப்பு, அரை எச்.பி., ஓப்பன்வெல் சப்மெர்சிபிள். அதாவது தண்ணீருக்குள்ளேயே படுத்துக்கிடந்து ஓடுகிற வகை. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வகை மோட்டார் செய்கிற கம்பெனிகள் கோவையில் நிறைய இருக்கின்றன; நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வீடு நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டாங்கு. முக்கடல் அணைத் தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வருகிற நாளில் சம்பை நிரப்பிக்கொள்வோம், மற்ற நாளில் அதிலிருந்து மேலே ஏற்றுவோம். இதுவரை அந்த வேலையைச் செய்தது முற்றத்து மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு எச்.பி. மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒரே கட்டையாக இருக்கிற வகை. அது ஓடினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். கண்டென்சரை மாற்றினால் கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் உறுமும்.

மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் புதியது பார்க்கப் போனபோது கடைக்காரர் சொன்ன வாசகம்: “எக்கா, ஒரு எச்.பி.க்குப் பதிலா அரை எச்.பி. பாதி எச்.பி., பாதி பில்லு. கணக்கு அவ்வளவுதான் கேட்டியளா.” நான் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவள். கணக்கு அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை குறுகுறுக்கும். பழைய மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அளந்து வைத்துக்கொண்டேன்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மின்வாரியம் மாட்டியிருக்கிற டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கிறது. 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணினால் போதும். அதை 60-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் மோட்டார் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று வந்துவிடும். வீட்டுக்காரர் கையில் கடிகாரம், நான் மீட்டருக்கு முன்னால். வழியில் போனவர்கள் ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார்கள்.

பழைய மோட்டாருக்கு நிமிடத்துக்கு 61 சிமிட்டல். 1.14 கிலோவாட். காலி டாங்கு நிரம்ப 20 நிமிடம். ஆக ஒரு டாங்குத் தண்ணீருக்கு 0.38 யூனிட். புதியதற்கு நிமிடத்துக்கு 37 சிமிட்டல், அதாவது 0.69 கிலோவாட். டாங்கு நிரம்ப பதினாலரை நிமிடம். ஒரு டாங்குக்கு 0.17 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மோட்டார் மேல் ஒட்டியிருக்கிற விவரப் பட்டையில் 0.37 கிலோவாட் என்றுதான் அடித்திருக்கிறது. மீட்டரோ 0.69 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பட்டையில் இருப்பது மோட்டார் தண்டில் கிடைக்கிற சக்தி, நாம் காசு கொடுப்பது அது உள்ளே இழுக்கிற கரண்டுக்கு. சின்ன மோட்டார்களில் இந்த இடைவெளி பெரிது. ஆகவே பட்டையைப் பார்த்து பில்லைக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, அரை எச்.பி. மோட்டார் ஒரு எச்.பி.யை விடச் சீக்கிரமாக டாங்கை நிரப்புகிறது. இதுதான் எனக்கும் முதலில் புதிராக இருந்தது. விஷயம் எச்.பி.யில் இல்லை, பம்பின் ஜாதியில் இருக்கிறது. பழையது செல்ஃப் பிரைமிங் வகை. மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கிற தண்ணீரைத் தானாக உறிஞ்சும்; உயரத்துக்குத் தள்ளும்; ஆனால் உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரம் மாதிரியான தட்டு தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அடிப்பதிலேயே பாதி சக்தியைத் தொலைத்துவிடும். தண்ணீருக்குள் கிடக்கிற புதியதில் இருப்பது சாதாரண சென்ட்ரிஃப்யூகல் இம்பெல்லர், அதாவது தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிற சக்கரம். அதற்கு உறிஞ்சுகிற வேலையே கிடையாது, தள்ளுகிற வேலை மட்டும்தான். அதே செல்ஃப் பிரைமிங் வகையில் அரை எச்.பி. வாங்கியிருந்தால் கரண்டு பாதி இழுத்திருக்கும், நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும், யூனிட் பழையபடியே நின்றிருக்கும். “பாதி எச்.பி., பாதி பில்லு” என்பது அப்படித்தான் கவிழ்கிற கணக்கு.

ஒப்பிட ஒரு அடிக்கணக்கு. எங்கள் சம்பின் தரையிலிருந்து டாங்கின் வாய் வரை 11 மீட்டர் உயரம். 1,000 லிட்டர் தண்ணீரை 11 மீட்டர் தூக்க, உராய்வு, சூடு என்று எந்த நஷ்டமும் இல்லாவிட்டால் 0.03 யூனிட் போதும். பழைய மோட்டார் அதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது. புதியது ஐந்தரை மடங்கு. வீட்டு மோட்டார் என்றாலே இவ்வளவு மோசம்தான் போலிருக்கிறது. அதில் இது பரவாயில்லை.

இந்த மிச்சத்தில் குழாய்க்கும் பங்கு உண்டு. பழைய லைன் முக்கால் இஞ்சு. மாட்ட வந்த தம்பி தக்கலைப் பக்கத்துப் பையன், வேலையில் சுத்தம், ஆனால் அவசரக்காரன். “பழைய பைப்பே கெடக்கட்டும் எக்கா, நல்ல பைப்பாக்கும், எதுக்கு வெறுதே பைசாவக் களையுதிய?” என்றான். பாதை ஒன்றுதான் என்றாலும் அதே அளவு தண்ணீர் ஒரு இஞ்சுக் குழாயில் போவதற்கும் முக்கால் இஞ்சில் போவதற்கும் உராய்வு நான்கு மடங்கு வித்தியாசப்படும். அதைத் தள்ளுவதற்கும் நம் யூனிட்தான் போகிறது. “மக்ளே, ஒரு இஞ்சு போடு, வளைவு எத்தனை குறைக்க முடியுமோ குறை” என்றேன். முனகிக்கொண்டே போட்டான். ஆறு எல்போ இருந்த இடத்தில் மூன்று. குழாய், எல்போ, பசை எல்லாம் 1,100 ரூபாய். மேலே சொன்ன 2,600-க்குள் இதுவும் அடக்கம்.

சரி, இனிப் பணம்.

எங்கள் வீட்டில் சராசரியாக நாளுக்கு ஒரு டாங்கு. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு ஆள் வந்து தங்கினால் கூடும், மழை பிடித்தால் செடிக்கு ஊற்றுவது நின்று குறையும். நாளுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் பழைய மோட்டாரின் பங்கு 23 யூனிட், புதியதின் பங்கு 10. மிச்சம் 13 யூனிட்.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறுக்கு யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. எங்கள் வீடு மழைக்காலத்தில் 350, 380 என்று ஓடும். அப்போது 13 யூனிட் மிச்சம் என்றால் 61 ரூபாய். வருடத்துக்கு ஆறு பில், 366 ரூபாய். மோட்டார் விலையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது திரும்பி வர பதினெட்டு, பத்தொன்பது வருடம் ஆகும். மோட்டார் அத்தனை வருடம் உயிரோடு இருக்குமா என்று அதைச் செய்த கம்பெனியே சொல்லாது. அவர்கள் கொடுத்த வாரண்டி ஒரு வருடம்.

ஆகவே கரண்டு மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து, நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை வாங்காதீர்கள். எங்களுடையது எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 500 என்ற கோடு. அதைத் தாண்டிவிட்டால் 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70, பிறகு 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த யூனிட்டின் விலையோடு 235 ரூபாய் சேர்ந்து வரும். பங்குனி, சித்திரையில் இரவு முழுக்க ஃபேன் ஓடுவதால் எங்கள் வீடு அந்தக் கோட்டை உரசிக்கொண்டேதான் நிற்கும். பழைய மோட்டார் இருந்த வருடத்துக் கோடை பில் 508 யூனிட், 2,107 ரூபாய். அதிலிருந்து 13-ஐக் கழித்தால் 495 யூனிட், 1,774 ரூபாய். வித்தியாசம் 333. அதே 13 யூனிட், மழைக்காலத்தில் 61 ரூபாய், கோடையில் 333. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீடுகளுக்கு மோட்டார் முக்கியமா என்றால் முக்கியம்தான். ஆனால் அந்த 13 யூனிட் மோட்டாரிலிருந்துதான் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சொல்லப்போனால் அதைவிடச் சுலபமான இடங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. 2,000 வாட் கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். எங்கள் டாங்கு மூன்று தடவை நிரம்புகிற கரண்டு அது. 75 வாட் பழைய ஃபேன் ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் ஒரு பில்லுக்கு 45 யூனிட். அதையே கரண்டு குறைவாக இழுக்கிற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 18. மிச்சம் 27 யூனிட், மோட்டாரில் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு, செலவோ மோட்டார் விலையில் பாதிக்கும் கீழே. எங்கள் தெருவில் பில் கூடினால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். சத்தம் போடுகிறவன்தானே மாட்டிக்கொள்வான். சத்தமில்லாமல் தலைக்குமேல் சுற்றுகிறதை யாரும் கேட்பதில்லை.

சத்தம் என்றதும் இந்த மோட்டாரின் உண்மையான குணத்துக்கு வருகிறேன். இது ஓடுவதே தெரியாது. சம்பு மூடியில் காதை வைத்தால் ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான். விடியற்காலையில் போட்டாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பழையதைப்போல உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு ஒழுகி, காற்று ஏறி, புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி எழுப்பிவிடுகிற வேலையும் இல்லை. 6,900-இல் பாதியையாவது இந்த நிம்மதிக்குக் கொடுத்ததாகவே எழுதிக்கொள்கிறேன்.

அதே அமைதிதான் இதன் குறையும். பழையது அலறுகிற அலறலில் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு அணைக்கப் போவார். இது ஓடுகிறது என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. டாங்கு நிரம்பி, வழிகிற தண்ணீர் பக்கத்து வீட்டு வாழை மூட்டில் விழுகிறது. அந்த வாழை இந்த வருடம் நல்ல குலை தள்ளியது என்பது வேறு கதை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் வழிந்தால் பில்லுக்கு 7 யூனிட். மிச்சம் பிடித்த பதின்மூன்றில் பாதி ஓடையில். அதனால் தண்ணீர் மட்டம் பார்த்துத் தானே அணைக்கிற கன்ட்ரோலர் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். அதன் பெட்டியில் 2 வாட் என்று போட்டிருக்கிறது. 2 வாட் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் அது இராப் பகலாக விழித்திருக்கிற சாதனம், இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட் அதுவே தின்றுவிடும். நேரம் தவறாமல் அணைக்கிற ஆள் வீட்டில் இருந்தால் அது தேவையில்லை. எங்கள் வீட்டில் தேவை.

வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய சில விஷயங்கள். இந்த வகையில் மோட்டாருக்குள் எண்ணெய் நிரப்பியது உண்டு, தண்ணீர் நிரப்பியது உண்டு. சீல் போனால் எண்ணெய் சம்புக்குள் கலக்கும். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் இருக்கிற சம்புக்குத் தண்ணீர் நிரப்பிய வகைதான் வேண்டும் என்று அழுத்திக் கேட்டு வாங்குங்கள். அதை இறக்குவதற்கு முன் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பி, காற்று போக விட்டு, திருகை மூட வேண்டும். மாட்டுகிறவர் இதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஐ.எஸ். 14220 முத்திரையும் காப்பர் வைண்டிங்கும் இருக்கட்டும். பட்டையில் எழுதியிருக்கிற ‘ஹெட்’, அதாவது தண்ணீரைத் தூக்குகிற உயரம், உங்கள் வீட்டு உயரத்துக்கு மிக அதிகமாக இருப்பதும் நல்லதில்லை. 30 மீட்டர் தூக்குகிற பம்பை 11 மீட்டர் வீட்டில் போட்டால் அது அதற்கு ஏற்ற இடத்தில் ஓடாது, கரண்டும் வீணாகும். எங்களுடையதில் 6 முதல் 20 வரை என்று இருக்கிறது, உராய்வையும் சேர்த்து நடுவில் வந்து உட்காருகிறது. கடைக்காரர் பெரியதைத் தள்ளத்தான் பார்த்தார். “நாளப்பின்ன மேல ஒரு மாடி எடுத்தியள்னா?” என்று கேட்டார். நாங்கள் எடுக்கப்போவதில்லை. பென்ஷனில் மாடியா?

சம்பின் அடியில் ஒரு அடித் தண்ணீர் இனி உங்களுடையது இல்லை, மோட்டாருடையது. அதன் சூட்டை ஆற்றுவதே சுற்றி நிற்கிற தண்ணீர்தான். மூழ்காமல் ஓடினால் வைண்டிங் கருகும். மாநகராட்சித் தண்ணீர் தாமதமாகிற வாரங்களில் அந்த ஒரு அடி கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். இன்னொன்று, கோளாறு வந்தால் முழுசாக மேலே தூக்க வேண்டும். எங்கள் சம்பின் வாய் ஒன்றரை அடிச் சதுரம், மோட்டாரைக் குறுக்காகச் சாய்த்துத்தான் இறக்க முடிந்தது. உங்கள் சம்பின் வாயை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். மோட்டாரின் கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

கரண்டும் தண்ணீரும் ஒரே குழிக்குள் இருக்கிற சமாச்சாரம் இது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் இதை மாட்டவே கூடாது. சம்பு கழுவ ஆள் இறங்குகிற நாளில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். தம்பி இதை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான், அதற்காக அவனுடைய அவசரத்தை மன்னித்துவிட்டேன்.

கடை பற்றி: பொருள் சரி, விலை சரி, பழைய மோட்டாருக்கு 700 ரூபாய் கழித்ததும் நியாயம்தான். பில் கேட்டதும் முகம் மாறியது. வாரண்டிக்கு அதுதான் ஆதாரம் என்பதால் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

என் சிமிட்டல் கணக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்கும் போட்டுத் தரச் சொன்னார். அவர்கள் வீட்டில் இரண்டு ஏ.சி., மாடியில் மகன் குடும்பம், நாளுக்கு இரண்டு டாங்கு. கோடையானாலும் மழையானாலும் பில் 800 யூனிட்டைத் தாண்டி நிற்கும், அங்கே கடைசி யூனிட்டின் விலை 10.50. எங்களைப் போலவே பழைய செல்ஃப் பிரைமிங் மோட்டார், முக்கால் இஞ்சுக் குழாய். அவர்கள் மாற்றினால் பில்லுக்கு 26 யூனிட், 273 ரூபாய், வருடத்துக்கு 1,638. மோட்டார் விலை நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் திரும்பிவிடும். தாராளமாக வாங்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மொதல்ல அந்தக் கொழாய மட்டும் மாத்திப் பாக்குகேன், மோட்டாரு ஓடுக மட்டும் ஓடட்டும்” என்றார். அதுவும் சரியான யோசனைதான். தம்பியின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், எல்போ எண்ணிக்கையையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.